மருந்துக்காரனைத் தொடர்ந்தவள்

மாமியைக் கண்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஓடி ஒளிவோம். அவர் யாரையும் அடித்ததில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் இடது கையால் மோவாயை, எங்கள் பேச்சில் நாடியை, பிடித்து முகத்தைச் சூரியன் பக்கம் திருப்புவார். பெருவிரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மேல பார். கீழ பார். வெளிச்சம் கூசுதா? தண்ணி வடியுதா?" என்று கேட்பார். அவருடைய விரல்களில் கை கழுவிய சவர்க்கார வாசம் அடிக்கும். சந்தையில் மீனின் செவுளைத் திறந்து பார்ப்பவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர் முகம் இருக்கும். பார்த்து முடிந்ததும் நாடியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, "போ" என்பார். ஒரு சிரிப்புக் கிடையாது. தலையைத் தடவுவது கிடையாது.

அவர் எனக்குச் சொந்த மாமி அல்ல. எங்கள் வளவிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருந்தார். நாட்டில் சண்டை தொடங்கிய காலத்திலேயே விறகு வெட்டப் போன புருஷன் திரும்பி வரவே இல்லை. ஒரே மகள் சுகந்தி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது சுகந்தி, "எழுதுறதெண்டா எழுது. அம்மாட பேரை மட்டும் போடாத" என்றாள். அதனால் மாமி என்றே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் படுவான்கரையில், வவுணதீவுக்கு உள்ளே, வட்டைகளுக்கு நடுவில் இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வயல். பட்டணமும் பெரியாஸ்பத்திரியும் வாவிக்கு அக்கரையில். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த மிதவையில்தான் போய்வருவோம். அதற்குப் பாதை என்று பெயர். பாதை ஏறும் அக்கரைத் துறையில் மணல் மூட்டை அடுக்கிய ஆமிக் காவலரண், சென்றி, இருந்தது. மருந்துச் சாமான்களை இந்தக் கரைக்குக் கொண்டுவர விடமாட்டார்கள். இங்கே வருகிற மருந்தெல்லாம் காட்டுக்குள் இருந்து சண்டை பிடிக்கும் பொடியன்களுக்குத்தான் போகிறது என்பது அவர்களுடைய எண்ணம். பாதை சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல், கண்வலி என்றால் எல்லாரும் மருந்துக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

மருந்துக்காரர் சைக்கிளில் வருவார். வெள்ளைச் சட்டை, காக்கிப் பை. ஏதோ ஒரு காலத்தில் எங்கேயோ ஒரு டிஸ்பென்சரியில் போத்தல் கழுவிக்கொண்டு நின்றவர் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது எல்லாருக்கும் அவர் டொக்டர் ஐயா. கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது. பிள்ளைகளோடு அன்பாகக் கதைப்பார். ஊசி போடும்போது, "இந்தா, எறும்பு கடிச்சிட்டு" என்பார். தன்னுடைய மருந்தில் அவருக்கே பெரிய நம்பிக்கை. ஊரில் அவரை "அவன்" என்றும் "நீ" என்றும் சொல்கிற ஒரே ஆள் மாமிதான்.

சுகந்திக்கு எட்டு வயதாக இருந்தபோது, அறுவடை நாளில் வட்டைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். யாரோ தூக்கிவந்த கதிர்க் கட்டு உரசியதில் நெற்கதிரின் கூர் அவளுடைய வலது கண்ணில் குத்திவிட்டது. பின்னேரமே கண் செக்கச்செவேல் என்று ஆனது. மாமி மருந்துக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து ஒரு சின்னப் போத்தலில் இருந்து இரண்டு துளி விட்டார். நாளுக்கு நான்கு தரம் விடச்சொல்லிப் போத்தலையும் கொடுத்தார். இரண்டு நாளில் சிவப்புப் போய்விட்டது. நோவும் குறைந்துவிட்டது. மாமி தன் வளவில் நின்ற நல்ல முட்டைக் கோழி ஒன்றைக் காலில் கட்டி மருந்துக்காரர் வீட்டுக்கு அனுப்பினார். சந்தோசத்தில் நாலு வீட்டுக்குப் போய், "கண்ணுக்கு அவரைப்போல ஒரு ஆள் இல்ல" என்று சொல்லியும் வந்தார்.

ஒரு கிழமை, ஏழெட்டு நாள் போனது. கறுப்பு முழியில் அரிசிக் குருணை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. மருந்துக்காரர், "இன்னும் விடு தங்கச்சி, மாறும்" என்றார். மாமி விட்டார். புள்ளி வளர்ந்தது. பாதை ஓடிய முதல் நாள் மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். கண் டொக்டர் முதலில் கண்ணைப் பார்த்தார். பிறகு போத்தலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இது சிவப்பை அடக்கும் அம்மா. நோவையும் அடக்கும். ஆனா நெல்லுக் குத்தின கண்ணுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும். இந்த மருந்து அதை வளத்துவிடும். வெளிய ஒண்டும் தெரியாது. உள்ள கண் போய்க்கொண்டிருக்கும்."

மாமி அந்த வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். சாகும் வரைக்கும் ஒரு சொல் மாறாமல் சொல்லுவார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் கண் கிளினிக்கில் இருந்த தாதி மிஸ்ஸியின் பின்னால் திரிந்து, எந்தக் கண் சாதாரணக் கண்ணோய், எந்தக் கண் ஆபத்து, எப்படிப் பார்ப்பது, எதைச் செய்யக்கூடாது என்றெல்லாம் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டார். சுகந்தியின் வலது கண் வெள்ளை பூத்து அப்படியே நின்றுவிட்டது.

"என்ட புள்ளைட கண்ணைப் பிடுங்கினவனுக்கு நான் கோழியும் குடுத்தன்." இதை மாமி எத்தனை தரம் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. நெல் குத்தும்போது சொல்லுவார். தண்ணீர் அள்ளும்போது சொல்லுவார். கேட்பவர்கள் "போகட்டும் கா, விடு" என்றால் அன்றைக்கு அவர்களோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

அதற்குப் பிறகுதான் அவர் மருந்துக்காரரைத் தொடர ஆரம்பித்தார்.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிடுவார். சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, மருந்துக்காரர் எந்த வீட்டுக்குப் போகிறாரோ அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். உள்ளே போகமாட்டார். ஏசமாட்டார். மகளை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நிற்பார். சுகந்தி தலையைக் குனிவாள். மாமி பின்னாலிருந்து கையை நீட்டி அவளுடைய நாடியை நிமிர்த்துவார். அந்த வெள்ளைக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எந்தத் தாயால் தன் பிள்ளையின் கண்ணில் மருந்துவிடக் கொடுக்க முடியும்? மருந்துக்காரர் பையைப் பூட்டிக்கொண்டு எழும்புவார்.

ஆனாலும் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் ஆட்களுக்கு அவர் தேவைப்பட்டார். மாமி வருவதற்கு முன்னால் வந்து போகும்படி ஆள் அனுப்பிச் சொன்னார்கள். கடைசியில் மருந்துக்காரர் கோயில் வண்ணக்கரிடம் முறையிட்டார். கோயிலையும் ஊர் நியாயத்தையும் பார்க்கிறவர் வண்ணக்கர். அவர் மாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"நீ ஏன் கா டொக்டர் ஐயாக்குப் பின்னால திரியிறாய்?"

"நான் அவனை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கனா எண்டு கேளுங்க."

"இல்லத்தான். ஆனா போற இடமெல்லாம் போய் நிக்கிறாயாமே."

"தெரு எல்லாருக்கும் பொதுதானே ஐயா. என்ட புள்ள நிக்கிற இடம் அவனுக்குக் கண்ணுக்குள்ள குத்துதெண்டா, அதுக்கும் அந்த மருந்தையே விடச்சொல்லுங்க."

வண்ணக்கர் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மாமி செய்ததில் எத்தனை பிள்ளைகளுக்கு நன்மை விளைந்தது என்பதையும் சொல்லவேண்டும். கண் சிவந்த பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பார்த்தார். முலைப்பால் விடப்போனால் தடுத்தார். பூச்சாறு பிழியப்போனால் தட்டிவிட்டார். தூசு விழுந்த கண்ணை நாக்கால் எடுக்கப்போன ஒரு கிழவியைக் கையில் பிடித்து இழுத்தார். பீளை தள்ளினால் ஆறவைத்த வெந்நீரும் சுத்தமான சீலைத் துண்டும் கொண்டு துடைக்கச் சொல்லுவார். கறுப்பு முழியில் ஏதும் தெரிந்தால், இல்லாவிட்டால் வெளிச்சம் கூசி அழுதால், அடுத்த பாதையில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்வார். ஆனால் யாரும் நன்றி சொல்லிவிடக்கூடாது.

"உன்ட புள்ளைக்காக வரல்ல கா" என்பார் முகத்துக்கு நேரே. "இனி ஒரு கண்ணும் அவன்ட கையால போகக்கூடாது. அதுக்காக வந்தன்."

என் கண்ணுக்கும் அதற்காகத்தான் வந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. சூடடிக்கும் களத்தில் வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கிட்ட நின்றேன். ஒரு துரும்பு இடது கண்ணில் வந்து அடித்தது. அம்மா ஊதினார், தண்ணீர் விட்டுக் கழுவினார். அடுத்த நாள் விடியக் கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்பா மருந்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சைக்கிள் மணியை அடிக்கவேண்டாம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தாராம்.

அம்மாவின் மடியில் என் தலை. மருந்துக்காரர் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து, "இந்தா மகள், பனி விழுற மாதிரித்தான் இருக்கும்" என்று குனிந்தார். நான் மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். துளி விழுகிற நேரம் சவர்க்கார வாசத்தோடு ஒரு கை குறுக்கே வந்து என் கண்ணை மூடியது. துளி அந்தப் புறங்கையில் விழுந்தது.

"இன்னும் விடு" என்றார் மாமி. "இந்தக் கைக்கு மேல எவ்வளவும் விடு."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஆரு கா எங்கட வளவுக்குள்ள வந்து சண்டித்தனம் பண்ண?"

மாமி கையை எடுக்காமலே அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "விடச்சொல்லுங்க அண்ணன். ரெண்டு நாளையில சிவப்பு மாறும். நீங்க சந்தோசப்படுவீங்க. ஒரு கிழமையில கறுப்பு முழியில வெள்ளைப் புள்ளி விழும். மறுகா உங்கட புள்ளையும் என்ட புள்ளையும் சோடியா நிக்கும். எனக்கும் துணைக்கு ஆள் வேணும்தானே."

சுகந்தி வாசலில் நின்றாள். அன்றைக்கு யாரும் அவளுடைய நாடியை நிமிர்த்தவில்லை. அவளாகவே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அம்மா எழும்பி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு துறைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அப்பா வழிவிட்டு ஒதுங்கினார். மருந்துக்காரர் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெரியாஸ்பத்திரியில் மூன்று கிழமை இருந்தேன். மணிக்கு ஒரு தரம் மருந்து விட்டார்கள். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று கண் டொக்டர் அம்மாவிடம் சொன்னார். இன்றைக்கு நான் இதை எழுதுவது இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான்.

துறையில் ஒரு சம்பவம் நடந்தது, நான் வீட்டுக்கு வந்த பிறகு கண் காட்டுவதற்காக மறுபடி கிளினிக் போய்த் திரும்பிய நாளில். மாமியும் சுகந்தியும் எங்களோடு வந்திருந்தார்கள். பாதைக்கு ஏறுமுன் சென்றியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆண்கள் வரிசையின் முன்னுக்கு மருந்துக்காரர் அரிசிப் பையோடு நின்றார்.

ஆமிக்காரன் அரிசிக்குள் கையை விட்டுத் துழாவினான். கை வெளியே வந்தபோது அதில் கண் மருந்துப் போத்தல்கள் இருந்தன. இன்னும் துழாவினான். ஊசிகள், மருந்துச் சீசாக்கள், காயத்துக்குக் கட்டுகிற துணிச் சுருள்கள். ஒவ்வொன்றாக மணல் மூட்டையின் மேல் வைத்தான். பிறகு துவக்கைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் எடுத்துக்கொண்டு ஏதோ கேட்டான். வரிசையில் நின்ற தபால்காரருக்குச் சிங்களம் தெரியும். அவரைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க டொக்டரா எண்டு கேக்கிறார்" என்றார் தபால்காரர்.

மருந்துக்காரர் வாயைத் திறக்கவில்லை. பின்னால் நின்ற யாரோ ஒரு நல்ல மனிதர், உதவி செய்கிறேன் என்று நினைத்து, "ஓம் ஐயா, நம்மட டொக்டர் ஐயாதான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். ஆமிக்காரனுக்கு டொக்டர் என்ற சொல் மட்டும் நன்றாக விளங்கியது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

"அந்தக் கரையில ஆருக்கு மருந்து கட்டுறீங்க எண்டு கேக்கிறார்." தபால்காரரின் குரல் இறங்கிவிட்டது.

அந்தக் கேள்விக்குப் பிறகு மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். மருந்துக்காரருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். பெண்கள் வரிசையில் மாமியைத் தேடினார். எல்லாரும் மாமியைத்தான் பார்த்தோம். அவரை உள்ளே கொண்டுபோக மாமியின் ஒரு சொல் போதும். தலையை ஒரு ஆட்டு ஆட்டினாலும் போதும்.

மாமி வரிசையை விட்டு வெளியே வந்தார். சுகந்தியின் கை அவர் பிடியில் இருந்தது. அம்மா என் கையை நோகப் பிடித்தார்.

"தம்பி, நான் சொல்றதைச் சொல்லுங்க" என்றார் மாமி தபால்காரரிடம். "இவன் டொக்டர் இல்ல."

தபால்காரர் சொன்னார். ஆமிக்காரன் கேட்டதைத் திருப்பிச் சொன்னார். "அப்ப இவர் ஆரு?"

"அதை அவன்ட வாயால சொல்லச் சொல்லுங்க."

மருந்துக்காரரின் உதடு அசைந்தது.

"கேக்கல்ல" என்றார் மாமி. "வரிசையில கடைசியில நிக்கிறவங்களுக்கும் கேக்கவேணும்."

"நான் டொக்டர் இல்ல."

"மறுகா?"

"எனக்கு மருந்து தெரியாது."

"மறுகா?"

"படிக்கல்ல. நான் போத்தல் கழுவின ஆள். பேரைப் பாத்து வாங்கி விக்கிறன். ஆருக்கும் காயம் கட்டத் தெரியாது எனக்கு. சாமி சத்தியமாத் தெரியாது." அவர் அழுதார். இருபது வருசமாகத் தன்னை டொக்டர் ஐயா என்று கூப்பிட்ட அத்தனை பேருக்கும் முன்னால் மூக்கு ஒழுக அழுதார்.

மாமி சுகந்தியை முன்னால் கொண்டுவந்து நாடியை நிமிர்த்தினார். "இதை ஆர் செய்த?"

"நான்தான் தங்கச்சி. நான்தான்."

தபால்காரர் இதையெல்லாம் மொழிபெயர்க்க மறந்துவிட்டார். தேவையும் இருக்கவில்லை. ஆமிக்காரன் அந்த வெள்ளைக் கண்ணைப் பார்த்தான். மணல் மூட்டை மேல் இருந்த போத்தல்களைப் பார்த்தான். அழுகிற மனிதனைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் கையால் வழித்து வாவிக்குள் தள்ளிவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

பாதையில் மருந்துக்காரர் ஒரு மூலையில் குந்திக்கொண்டு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. மாமி எதிர் மூலையில் இருந்து எங்கள் கரை வரும் வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு எவ்வளவு பெரிய மனசு மச்சாள். அந்தாளைக் காப்பாத்திப்போட்டாய்" என்றார்.

"காப்பாத்தினதா?" மாமி பார்வையை எடுக்காமலே சொன்னார். "ஆமி கொண்டுபோயிருந்தா ரெண்டு நாளையில அவனுக்கு எல்லாம் முடிஞ்சிரும். ஊரும் பாவமெண்டு அழும். இப்ப அவன் ஒவ்வொரு நாளும் இந்த ஊருக்குள்ள நடக்கவேணும். நல்லா நடக்கட்டும்."

அதைச் சொன்னபோது மாமியின் முகத்தில் நான் முதல்முதலாக ஒரு சிரிப்பைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

அவர் சொன்னபடியே நடந்தது. ஒருவரும் மருந்துக்காரரைக் கூப்பிடவில்லை. சைக்கிள் வேலியில் சாய்ந்தபடி துருப்பிடித்தது. ஊர்ப் பிள்ளைகள் அவரைக் கண்டால், "போத்தல் கழுவி" என்று கத்திவிட்டு ஓடினார்கள். அதைக் கேட்டால் மாமி வேலையை நிறுத்திவிட்டு நின்று ரசிப்பார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் மருந்துக்காரர் மாமி வீட்டு வேலிக் கடப்படியில் வந்து நின்றார். நானும் சுகந்தியும் முற்றத்து மர நிழலில் இருந்தோம். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி" என்றார் மருந்துக்காரர். "என்னை மன்னிச்சுக்க."

சுளகு நிற்கவில்லை. "என்னிட்ட என்னத்துக்குக் கேக்கிறாய்? கண் அவள்ட. அவளிட்டக் கேள்."

அவர் சுகந்தியைப் பார்த்தார். அப்போதுகூட அவருக்கு அந்தக் கண்ணை நேராகப் பார்க்க முடியவில்லை. சுகந்தி எழும்பி நின்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

"போங்க மாமா, வெயிலுக்க நிக்காதீங்க. நான் ஒண்டும் மனசில வைக்கல்ல."

சுளகு நின்றது. மருந்துக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் வேலி தாண்டிய உடனே மாமி எழும்பி வந்து சுகந்தியின் கன்னத்தில் ஒரு அறை விட்டார். அதற்கு முன் மகளை அவர் தொட்டுக்கூட அடித்ததில்லை.

"ஆரைக் கேட்டுச் சொன்னாய்? ஆருக்காக நான் இவ்வளவும் செய்தன்?"

சுகந்தி கன்னத்தைப் பிடிக்கவில்லை. "எனக்காக இல்ல அம்மா" என்றாள். "அவர் மருந்து விட்டது ஒரு கிழமை. நீங்க என்னை நாலு வருசமா வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் காட்டினீங்க. துறையில அவ்வளவு சனத்துக்கு முன்னால காட்டினீங்க. ஒவ்வொரு தரமும் நான் கண்ணை மூடுவன். நீங்க நாடியைத் தூக்குவீங்க."

மாமி திரும்பிப் போய்ச் சுளகின் முன்னால் இருந்தார். புடைக்கவில்லை. நான் மெதுவாக எழும்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்கு அடுத்த கிழமை உன்னிச்சைப் பக்கத்திலிருந்து ஒருவர் உழவு மெசினில் மாமியைத் தேடி வந்தார். தன் தங்கச்சியின் பிள்ளைக்குக் கண்ணில் நெல் குத்திவிட்டதாம். எப்போதோ மருந்துக்காரரிடம் வாங்கி வைத்த போத்தல் வீட்டில் இருந்ததாம். அதை விடுகிறார்களாம். மாமி கைகழுவிக்கொண்டு வந்தார். சுகந்தி பழக்கத்தில் எழும்பிப் பாவாடையைத் தட்டினாள்.

"நீ இரி" என்றார் மாமி. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்து, "நீ வா புள்ள. துணைக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். அம்மா தலையை ஆட்டினார். நான் மெசினுக்குப் பின்னால் பூட்டியிருந்த பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

பிள்ளைக்கு மூன்று வயது இருக்கும். மாமி வாசல் வெளிச்சத்தில் வைத்துக் கண்ணைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிள்ளையின் தகப்பன் அப்போதுதான் வயலிலிருந்து வந்தவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சிவப்புக் குறைஞ்சிட்டுத்தானே. இனி என்னத்துக்கு ஆஸ்பத்திரி? துறைக்குப் போனா என்னைத்தான் பிடிப்பான்கள். நீங்க போங்க அக்கா, நாங்க பாத்துக்கிறம்."

இப்படிச் சொன்னவர்களுக்கு மாமி எப்போதும் பதில் சொன்னதில்லை. சுகந்தியை முன்னால் நிறுத்துவார், அவ்வளவுதான். அன்றைக்கு அவருடைய கை பழக்கத்தில் பக்கத்தில் தேடியதை நான் கண்டேன். அங்கே நான்தான் நின்றேன். என் இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. மாமி கையை மடக்கிக்கொண்டார்.

"எனக்கு ஒரு மகள் இருக்கிறா" என்று தொடங்கினார். "அவவுக்கும் இப்பிடித்தான் சிவப்புக் குறைஞ்ச. அவ வேணாம் வேணாமெண்டு கத்தினா. மருந்து எரியுது அம்மா எண்டு கத்தினா. நான்தான் மடியில போட்டு, ரெண்டு காலையும் அமத்திப் பிடிச்சன். தலையையும் நான்தான் பிடிச்சன். அவன் விட்டது முதல் நாள்தான். மற்ற நாளெல்லாம் என்ட கையாலதான் விட்டன்."

அந்தத் தகப்பன் கையைக் கட்டியபடியே நின்றார். ஆனால் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ப் போத்தலைக் கொண்டுவந்து மாமியின் கையில் கொடுத்தார். தாய் பிள்ளைக்கு மாற்றுச் சட்டை எடுக்க ஓடினாள்.

உழவு மெசின் பெட்டியில் தாய், பிள்ளை, மாமி, நான். எங்கள் ஊரைக் கடந்துதான் துறைக்குப் போகவேண்டும். மருந்துக்காரரின் வேலியடியில் வந்தபோது அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். மெசின் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தவர், மாமியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். மாமி திரும்பி உட்கார்ந்து, வளைவு மறைக்கும் வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மாமி, சுகந்தி மன்னிச்சிட்டாதானே. நீங்களும் அவரை விட்டுட்டீங்களா?"

"ஆர் சொன்ன? அவனை நான் சாகுமட்டும் விடமாட்டன். என்னையும் விடமாட்டன்." பெட்டி குலுங்கியது. அவர் பிள்ளையைத் தாயிடமிருந்து வாங்கி மடியில் இறுக்கிக்கொண்டார். "சுகந்தியத்தான் விட்டுட்டன்."

வெயில் நேரே முகத்தில் அடித்தது. பிள்ளை வெளிச்சம் கூசி வீரிட்டு அழத் தொடங்கியது. மாமி சீலைத் தலைப்பை இழுத்து அதன் கண்களுக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, "கெதியா ஓட்டுங்க தம்பி, பாதை போயிரும்" என்று முன்னால் பார்த்துச் சத்தம் போட்டார்.